சேலத்து வெயிலும் சேர்வராயன் மலைத் தீயும்

கேள்வி இதுதான்: "கன்னங்குறிச்சியில் வீடு. வாரக்கணக்கில் வெயில் 40 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் ஏற்காடு மலையில் சிவப்பாக ஒரு கோடு தெரிகிறது. வெயில் தாங்காமல்தான் காடு பற்றிக்கொள்கிறதா? வெளிநாட்டில் ஊர் ஊராக எரிந்ததே, அதுபோல இங்கேயும் வருமா? மாமாவுக்கு மலைமேல் காபித் தோட்டம் இருக்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும்?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயில் தீ வைப்பதில்லை, யாரோ வைக்கும் தீக்குக் காட்டைத் தயார் செய்து கொடுக்கிறது. கன்னங்குறிச்சி எரியாது, பயப்படாதீர்கள். ஆனால் மாமாவின் தோட்டம் காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது என்றால் அவர் கவலைப்பட வேண்டியதுதான். அந்தக் கவலையைக் கத்திரி வெயில் வரை தள்ளிப்போடாமல் பிப்ரவரியிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

இனி விவரமாக.

காய்ந்த புல்லும் சருகும் பற்றிக்கொள்ள ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி வரை சூடு வேண்டும். உச்சி வெயிலில் மலையடிவாரத்துப் பாறையில் கால் வைக்க முடியாதுதான், ஆனாலும் அந்தப் பாறை அதிகம் போனால் 60, 65 டிகிரி. தீப்பிடிக்க அது எந்த மூலைக்கும் போதாது. மூங்கில் உரசித் தீப்பிடிக்கும் என்று நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். மூங்கில் உரசும், ராத்திரியில் கிரீச்சென்று சத்தமும் போடும். ஆனால் காற்றில் ஆடுகிற இரண்டு மூங்கில்கள் ஒரே இடத்தில், விடாமல், அந்தச் சூடு வரும்வரை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருப்பதில்லை. உடைந்த பாட்டில் பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்யும் என்பதும் பாடப்புத்தகத்தில் சரி, காட்டில் மிக அபூர்வம். பாட்டில் கிடக்கிற இடத்தில் தீ ஆரம்பிக்கிறது என்றால், பாட்டிலைக் கொண்டுவந்தவர் கையில் பீடியும் இருந்திருக்கும் என்பதே பொருத்தமான விளக்கம். இயற்கையில் உண்மையாகத் தீ வைக்கக்கூடியது மின்னல். அது நம் பக்கத்தில் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதக் கோடை மழையோடு சேர்ந்தே வருவதால், பற்றினாலும் மழையே அணைத்துவிடும். ஆக மிச்சம் இருப்பது மனிதர்கள்தான். அவர்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வெயில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் சுமார் 51 கிராம் தாங்கும். காற்றில் 15 கிராம் நீராவி இருக்கிறது என்று வையுங்கள். 30 டிகிரியில் அதன் ஈரப்பதம் 50 சதவீதம். அதே காற்று 40 டிகிரிக்குச் சூடேறினால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரு சொட்டு ஈரம்கூட எங்கும் போகவில்லை, ஆனால் காற்றின் தாகம் கூடிவிட்டது. அந்தத் தாகத்தை அது இலை, சருகு, சுள்ளி, மண் எல்லாவற்றிலிருந்தும் உறிஞ்சித் தீர்த்துக்கொள்ளும்.

இதில் நாள் கணக்குதான் முக்கியம். காட்டுத் தீயைப் பற்றிப் படிப்பவர்கள் எரிபொருளைப் பருமனை வைத்துப் பிரிப்பார்கள். புல், சருகு, 6 மில்லிமீட்டருக்கு மெல்லிய குச்சி எல்லாம் ஒரு மணி நேர ரகம். அதாவது சுற்றியுள்ள காற்றின் வறட்சியை எட்டுவதற்குப் போக வேண்டிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும். 25 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள சுள்ளி 10 மணி நேர ரகம். 75 மில்லிமீட்டர் வரை உள்ள கிளை 100 மணி நேர ரகம். அதற்கும் மேலே, விழுந்து கிடக்கும் அடிமரம் 1,000 மணி நேர ரகம், அதாவது நாற்பது நாளுக்கு மேல். ஒரே ஒரு நாள் 42 டிகிரி அடித்தால் சருகுதான் முறுகும், காலைப் பனியில் மறுபடி பதமாகிவிடும். பத்து நாள் விடாமல் அடித்தால் கைப்பருமன் கிளைகூடக் காய்ந்துவிடும். ஒன்றரை மாதம் மழையே இல்லை என்றால் பட்டுப்போன மரமே உள்ளுக்குள் கனன்று, அணைத்துவிட்டோம் என்று ஆள்கள் இறங்கிப் போன பிறகு இரண்டாம் நாள் மறுபடி தீயைக் கக்கும்.

ராத்திரி வெப்பத்தையும் கவனியுங்கள். பகலில் 41 அடித்தாலும் ராத்திரி நன்றாகக் குளிர்ந்தால் சருகு ஈரம் ஏற்றிக்கொள்ளும், காலை பத்து மணி வரை எளிதில் பற்றாது. ராத்திரியும் புழுங்கித் தள்ளும் வாரங்களில் அந்த இடைவேளை சுருங்கிவிடும். நாளிதழில் போடும் உச்ச வெப்பநிலையைப் பார்த்து ஆபத்தை அளப்பதைவிட, கடைசி நல்ல மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணுவது மேல். இன்னொரு சோதனை உண்டு. பென்சில் பருமனுள்ள காய்ந்த சுள்ளி ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து மெதுவாக வளையுங்கள். வளைந்து, நார் இழுத்து, பாதியில் தொங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. டப்பென்று இரண்டாக முறிந்தால் அந்தச் சரிவு எரியத் தயார். சருகைக் கையில் கசக்கினால் தூளாகி விரலிடுக்கில் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இப்போது மாதக் கணக்கு. எல்லாரும் மே மாதத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். மே 4 வாக்கில் ஆரம்பித்து 28 வரை போகும் அக்னி நட்சத்திரம் நம் மனதில் அப்படிப் பதிந்திருக்கிறது. காட்டின் கணக்கு வேறு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை பெயருக்குத்தான். அடிவாரத்திலும் நடு மலையிலும் உள்ள இலையுதிர் காடு அந்த மாதங்களில்தான் இலையைக் கொட்டுகிறது. போன மழைக்கு ஆளுயரம் வளர்ந்த புல்லும் அப்போதுதான் வைக்கோலாகிறது. போதாததற்கு, அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். சேலத்தைப் பார்த்த தெற்குச் சரிவு, அதாவது மலைப்பாதை ஏறுகிற பக்கம், நாள் முழுக்க வெயிலை வாங்கும். ஏப்ரல் 20 வாக்கில்தான் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வருகிறது. குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் தீயில் சிக்கி இறந்தது மார்ச் 11, 2018 அன்று. தேனி மாவட்டத்துக்கு அது கோடையின் தொடக்கம்தான்.

வழக்கமான ஆண்டில் ஏப்ரல் பாதிக்கு மேல் மாலை இடி, மழை வந்து காட்டைக் காப்பாற்றிவிடும். காபி பூப்பதும் அந்த முதல் மழையை நம்பித்தான். மழை பெய்து எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாக நிற்கும். நீண்ட வெப்ப அலை வருகிறது என்றால், பெரும்பாலும் அந்தக் கோடை மழை பொய்த்துவிட்டது என்று பொருள். மழை இல்லாததால் வெயில், வெயிலால் மேலும் வறட்சி என்று ஒன்றையொன்று இழுத்துப் போகும். 2024இல் அதுதான் நடந்தது. எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டின் வால் பகுதி அது. ஏப்ரல் கடைசியில் சேலத்தில் வெயில் 40ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றது. ஏப்ரல் பாதியோடு தணிய வேண்டிய தீ ஆபத்து அப்படிப்பட்ட ஆண்டில் மே வரை நீளும். நீங்கள் கேட்கும் பயத்துக்கு நியாயமான காலம் அதுதான்.

வெப்ப அலை என்ற சொல்லை இப்போது எல்லாரும் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள், வானிலைத் துறையின் அளவுகோலையும் தெரிந்துகொள்ளுங்கள். சமவெளியில் குறைந்தது 40 டிகிரி தொட வேண்டும், கூடவே வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும். அல்லது எடுத்த எடுப்பில் 45ஐத் தொட வேண்டும். மலைப்பகுதிக்கு வாசல் 30 டிகிரிதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். இடையில் உள்ள உயரத்துக்குப் பகலில் எட்டு முதல் பத்து டிகிரி குறையும். அதாவது கீழே 41 அடிக்கும்போது மேலே 31 முதல் 33 வரை இருக்கும். சுற்றுலா வருபவர்களுக்கு அது ஜில்லென்று இருக்கிறது. மலைக்கு அது காய்ச்சல். சேலம் இப்படிக் கொதிப்பதற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். வடக்கே நகரமலையும் சேர்வராயனும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நான்கு பக்கமும் கல், நடுவில் ஊர், கடல் காற்று எட்டிப் பார்க்காது.

மாடியிலிருந்து நீங்கள் பார்க்கும் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். அது தரைத் தீ. சருகையும் புல்லையும் தின்றுகொண்டு தரையோடு ஊர்ந்து போவது. முழங்கால், இடுப்பு உயரம் இருக்கும், புல் உயர்ந்த இடத்தில் ஆளுயரம் எழும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நாம் செய்தியில் பார்ப்பது மர உச்சியில் தாவி ஓடும் தீ. அங்கே எண்ணெய்ச் சத்துள்ள பைன், யூகலிப்டஸ் காடுகளும் புதர்களும் உண்டு, காட்டுக்குள்ளேயே மரவீடுகளும் உண்டு. நம் இலையுதிர் காட்டில் அந்தச் சமயம் மரத்தின் உச்சி மொட்டையாக நிற்கும், எரிய வேண்டியதெல்லாம் தரையில் கிடக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. உண்ணிச்செடி ஏறிய இடங்களில் அதன் காய்ந்த கொடிக்கட்டைகள் ஏணி மாதிரி நின்று தீயை மேலே தூக்கிவிடும். பட்டுப்போன மூங்கில் தூறும் அப்படித்தான், வெடித்து வெடித்து எரியும்.

தீ மலையில் ஏறும்போது வேகம் பிடிக்கும். சரிவு பத்து டிகிரி கூடும்போதெல்லாம் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. சமதளத்தில் நடந்து போகும் தீ, 30 டிகிரி சரிவில் எட்டு மடங்கு வேகத்தில் ஓடும். தீயின் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவது ஒன்று, பகலில் காற்றும் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வீசுவது இன்னொன்று. பொழுது சாய்ந்தால் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும், தீ அடங்கி நின்று மெதுவாக ஊரும். ராத்திரியில் அந்தக் கோடு அத்தனை பயங்கரமாகத் தெரிவது இருட்டினால்தான். உண்மையில் அதே தீ மத்தியானம் இரண்டு மணிக்கு நான்கு மடங்கு மோசமாக இருந்திருக்கும், வெயிலில் உங்களுக்கு வெறும் புகையாகத் தெரிந்திருக்கும்.

சரி, வைப்பது யார்? மேய்ச்சலுக்குப் புதுப்புல் வரட்டும் என்று பழம்புல்லைக் கொளுத்துபவர்கள் உண்டு. கொல்லையைச் சுத்தம் செய்யப் போய்க் கை மீறுவதும், தேன் எடுக்கப் போய் விட்டுவந்த தீப்பந்தமும் உண்டு. சாலையோரக் குப்பையை எரிப்பது உண்டு, கிளையில் உரசும் மின்கம்பியும் உண்டு. இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள்மேல் பழியைப் போடுவது கீழே இருப்பவர்களுக்கு வசதி. தீ வந்தால் பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுகிறவர்களும் அவர்கள்தான் என்பதை யாரும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் சேலம்–ஏற்காடு பாதையில் பெரிய கவலை, வண்டியை ஓரங்கட்டிச் சமைக்கிற பழக்கம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவதொன்றில் தடுப்புச் சுவரைத் தாண்டி எட்டிப் பாருங்கள். மூன்று கல், கரி, கோழி எலும்பு, பிளாஸ்டிக் டம்ளர், பாட்டில். அடுப்பிலிருந்து இரண்டு அடி தள்ளிச் சருகு. தண்ணீர் ஊற்றி அணைத்த தடம் இருக்காது, மண்ணைக் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தச் சரிவில் தீ எடுத்தால் அது ஏறிப்போய் நிற்பது அடுத்த வளைவில், அங்கே இன்னொரு குடும்பம் கார் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். மே மாதத்தில் மலர்க் கண்காட்சியும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் சேர்ந்து கூட்டம் உச்சத்துக்குப் போகும். கோடை மழை பொய்த்த ஆண்டில் அந்தக் கூட்டமும் காய்ந்த காடும் ஒரே வாரத்தில் சந்திக்கின்றன.

காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். தெரியாமல் அணைக்காமல் விட்டேன் என்பதும் சட்டத்தின் முன் பெரிய சமாதானமாகாது.

மாடியிலிருந்து தீயைப் பார்த்தால் "இந்நேரம் சொல்லியிருப்பார்கள்" என்று விட்டுவிடாதீர்கள். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தீ எச்சரிக்கையை வனத்துறைக்கு அனுப்புகிறது. பதிவு செய்துகொண்டால் பொதுமக்களுக்கும் குறுஞ்செய்தி வரும். ஆனால் அதில் ஓட்டை உண்டு. அந்தக் கருவிகளின் ஒரு புள்ளி தரையில் 375 மீட்டர் அல்லது 1 கிலோமீட்டர் அகலம், செயற்கைக்கோள் தலைக்குமேல் வருவது மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில், பிறகு நள்ளிரவு தாண்டி. மூன்று மணிக்குப் பற்றிய தீ ராத்திரி வரை அதன் கண்ணில் படாது. உங்கள் கண்ணில் படும். 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101க்குச் சொல்லுங்கள், மாவட்ட நிர்வாகத்தின் பேரிடர் எண் 1077. "மலையில் தீ" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. எந்த இடத்திலிருந்து பார்க்கிறீர்கள், எந்தக் கோபுரத்துக்கு அல்லது எந்த வளைவுக்கு எந்தப் பக்கம், புகை வெள்ளையா கறுப்பா, மேலே ஏறுகிறதா என்று சொல்லுங்கள்.

மலைப்பாதையில் போகும்போது கீழ்ச்சரிவில் புகை கண்டால் நின்று படம் எடுக்காதீர்கள். மேலே ஏறித் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், திரும்பி இறங்குவதே நல்லது, குப்பனூர் வழி இன்னொரு பாதையும் இருக்கிறது. காட்டுக்குள் நடந்து போகையில் தீ வந்தால் மேல்நோக்கி ஓடுவதும் ஓடைப் பள்ளத்துக்குள் இறங்குவதும் உயிருக்கே உலை. பள்ளம் புகைபோக்கியாகி நெருப்பை இழுக்கும். பக்கவாட்டில் விலகி, பாறைக்கோ சாலைக்கோ, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரைக்கோ போய்விட வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி உடம்போடு உருகி ஒட்டும், பருத்தி நல்லது. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. அனுமதி இல்லாத பாதையில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது கோடையில் சொன்னால் போகாதீர்கள்.

மாமாவுக்கு. காபிச் செடியின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பவை. தரைத் தீ முழங்கால் உயரத்தில் போய்விட்டாலே போதும், செடி நின்றபடி இருக்கும், வேரும் அடித்தண்டும் வெந்திருக்கும், சில வாரம் கழித்துத்தான் தெரியும். மிளகுக் கொடியும் அப்படியே. எனவே வெளியே இருந்து தீ உள்ளே வராமல் பார்ப்பதுதான் வேலை. காட்டை ஒட்டிய எல்லையில், முக்கியமாகக் கீழ்ப்பக்கம், ஐந்து மீட்டர் அகலமாவது மண் தெரியச் செதுக்கி வைக்கச் சொல்லுங்கள். ஜனவரியில் ஒருமுறை, சில்வர் ஓக் இலை கொட்டிய பிறகு மறுபடி ஒருமுறை. அந்த இலை மக்க நாளாகும், காற்றில் பறந்து வந்து செதுக்கிய கோட்டையே மூடிவிடும். அதற்காகத் தோட்டம் முழுக்கச் சருகைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள், உள்ளே அதுதான் மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. இந்த இடத்தில் பலரும் ஒன்று எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள், அல்லது எதையுமே தொடுவதில்லை. கவாத்து செய்த கிளைகளை மார்ச்சில் குவித்துக் கொளுத்தும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிட்டுத் துண்டாக்கிச் செடிவரிசைக்கு இடையில் போடட்டும். பவர் ஸ்பிரேயரில் எப்போதும் தண்ணீர் நிரம்பியிருக்கட்டும். எதிர்த்தீ, அதாவது வரும் தீக்கு முன்னால் இருப்பதை நாமே எரித்துவிட்டு அதை அணைப்பது, வனத்துறையில் பழகியவர்கள் செய்யும் வேலை, தோட்டத்து ஆள்களை வைத்து முயற்சி செய்ய வேண்டாம். காற்று திரும்பினால் இரண்டு தீ ஆகிவிடும்.

தீ அடிக்கப் போகிறவர்களுக்குத் தீக்காயத்தைவிட வெப்ப வாதம் அருகில் நிற்கும் ஆபத்து. 40 டிகிரி வெயில், எதிரே நெருப்பு, முதுகில் தண்ணீர்க் கலன், செங்குத்துச் சரிவு. வியர்வை நின்று, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது களைப்பு என்று உட்கார வைக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி 108ஐக் கூப்பிட வேண்டும். கீழே ஜவ்வரிசிக் களத்தில் சிமெண்டுத் தரைமேல் மாவு புரட்டுகிறவர்களுக்கும், செவ்வாய்ப்பேட்டையில் காஸ் விளக்கு முன்னால் கொலுசு ஊதுகிறவர்களுக்கும் இதே விதிதான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வைத்தது. அதைப் பெறுவதற்கு மரணம் வெப்பத்தால் நேர்ந்தது என்று பதிவாக வேண்டும். நம் பக்கத்தில் "மயங்கி விழுந்தார், மாரடைப்பு" என்று எழுதி முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது, கவனமாக இருங்கள்.

கடைசியாக, தீ அணைந்த பிறகு வரும் முதல் பெருமழை. எரிந்த சரிவில் மண்ணைப் பிடித்துவைக்கப் புல்லும் இல்லை, சருகும் இல்லை. மண்ணும் சாம்பலும் உருண்டைக் கல்லும் நேரே சாலைக்கு வரும். அந்த மழை வரும் மாலையில் மாமா வீட்டுக்குப் போகத் திட்டமிட்டிருந்தால் மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள்.